யான் மாயென் தீவுக்கு ஒரு கடிதம்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். மலாக்காவில், காஜா பேராங் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வெள்ளைக்காரன் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் திமிரும் என்னோடு உட்கார்ந்துகொண்டது.

மலாக்கா செட்டி அம்மாள் ஒருத்தி கடிதத்தோடு வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். தமிழ் வம்சமாக இருந்தும் தமிழ் பேசத் தெரியாத இவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். உறையில் 'யான் மாயென், நார்வே' என்றிருந்தது. அப்படியோர் இடமே கிடையாது என்றேன்.

"அடா, துவான்." இருக்கிறது ஐயா என்றாள். வட துருவத்துப் பக்கம் பனி மூடிய எரிமலைத் தீவாம். குடிகளே இல்லையாம். நார்வே அரசின் வானிலை நிலையம் மட்டும்தானாம். கப்பலேறிப் போன மகன் அங்கே சமையல்காரனாம். படுக்கையில் கிடக்கும் அவன் அப்பா தன் கையாலேயே எழுதிய கடிதமாம்.

"பனிக்குள்ள எரிமலையா? ஆளே இல்லாத எடத்துக்கு அரசாங்கம் வேறயா? கேட்டீங்களா கதைய!" என்று வரிசையில் நின்ற தமிழர்களைப் பார்த்துச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். கடிதத்தைத் திருப்பித் தள்ளினேன்.

சில மாதங்கள் கழித்து, தபால் கையேட்டில் வேறெதையோ தேடும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. நார்வேக்குச் சொந்தமான தீவு. கோடைக் கப்பலில் மட்டுமே கடிதம் போகும். அங்கே கோடை முடிந்திருந்தது.

செட்டி அம்மாளின் வீட்டைத் தேடிப் போனேன். கணவர் இறந்து எட்டு நாளாகியிருந்தது. மகனுக்குத் தந்தி போய்விட்டது. கடிதம் மட்டும் சாமிப் படத்தின் கீழே இருந்தது. அடுத்த கப்பலுக்கு நானே அனுப்புகிறேன் என்றேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டி, "தெரிமா காசி, துவான்" என்று நன்றி சொன்னார்.

ரப்பர் தோட்டத்தில் என் அப்பா வெள்ளைக்காரன் முன்னால் குனிந்து நின்று, "சரிங்க தொரை" என்பாரே, அதே குரல்.