ஐப்பசியில் வந்த ஆட்டோகிராப்

பழமும் இல்லாத, பூவும் இல்லாத ஒரு பொய்யான இனிப்பு வாசனை அது. புது 'சென்ட் ரப்பரை' மூக்கில் தேய்த்துக்கொண்டால் வருமே, அதே வாசனைதான் அந்த ஆட்டோகிராப் நோட்டைத் திறந்ததும் குப்பென்று வரும். ரோஸ், மஞ்சள், வெளிர்பச்சை, ஊதா, மறுபடியும் ரோஸ் என்று மாறிமாறி வரும் வழவழத்த தாள்களில் பேனா மை உடனே காயாது. அவசரப்பட்டுப் புரட்டினால் ஒருத்தியின் நட்பு இன்னொருத்தியின் நட்பின்மேல் அப்பிக்கொள்ளும்.

திருமுல்லைவாயிலில் நாங்கள் படித்த பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான். அதற்குமேல் ஆவடிக்குப் போகிறவள் ஆவடிக்கு, அம்பத்தூருக்குப் போகிறவள் அம்பத்தூருக்கு, படிப்பு போதும் என்று நிறுத்தப்படுகிறவள் அடுப்படிக்கு. அதனால் மற்ற பள்ளிகளில் பத்தாவது முடிக்கிறவர்கள் செய்வதை நாங்கள் இரண்டு வருஷம் முன்னாலேயே செய்தோம். பங்குனி வெயிலில், முழுப்பரீட்சைக்கு முந்தைய வாரத்தில், எல்லாருடைய பையிலும் ஒரு நோட்டு முளைக்கும். பெயர், பிடித்த நிறம், பிடித்த பலகாரம், லட்சியம் எல்லாம் எழுத வேண்டும். லட்சியம் என்றால் பாதி வகுப்புக்கு 'டாக்டர்', மீதிப் பாதிக்கு 'டீச்சர்'. அடியில் நான்கு வரிக் கவிதை. அதற்கும் அடியில், தாளின் மூலையை முக்கோணமாக மடித்து மேலே 'திறக்காதே' என்று எழுதுவது எங்கள் ஊர் வழக்கம். யாராவது திறக்காமல் இருப்பார்களா? திறந்தால் உள்ளே 'அப்படியும் திறந்துட்டியா, குரங்கே' என்றிருக்கும்.

பங்குனியில் வர வேண்டிய அந்த நோட்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஐப்பசியில் வந்தது. கொண்டுவந்தவள் நான். நோட்டு என்னுடையதல்ல, பிலோமினாவுடையது.

எங்கள் 'லைன் வீட்டில்' மூன்றாவது கதவு பிலோவுடையது, நான்காவது என்னுடையது. நடுவில் இருந்த சுவர் ஓட்டுக்கூரைவரை போகாமல் ஓர் ஆள் உயரத்திலேயே நின்றுவிட்டதால், அந்தப் பக்கம் பிலோ தும்மினால் இந்தப் பக்கமிருந்து என் அம்மா "நூறு" என்பாள். இங்கே குக்கர் சத்தம் போட்டால் அங்கே பிலோவின் அம்மா எண்ணுவார். அவளுடைய அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கடைசல் பிடிக்கும் 'டர்னர்', என் அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் அடிப்பவர். அவர்கள் வீட்டில் மாதா படம், எங்கள் வீட்டில் முருகன் படம். ஒரே ஊதுபத்திப் புகை இரண்டுக்கும் போதுமாயிருந்தது. பிலோவுக்கு முன்கோபம். ஆட்டத்தில் தோற்றால் ஆட்டத்தையே கலைத்துவிடுவாள். பிறகு அவளே வந்து கதவைத் தட்டுவாள். மன்னிப்பெல்லாம் கிடையாது. "இன்னாடி, இன்னும் மூஞ்ச தூக்கி வச்சினு கீற?" என்று நம்மையே அதட்டுவாள்.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, வந்தது, விட்டது. எதிலும் இடித்துக்கொள்ளாமலே முழங்காலிலும் முழங்கையிலும் நீலமாகக் கன்றியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இருபது நாள் படுத்துவிட்டு வந்தபோது தலையில் முடி இல்லை. அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். என்ன நோய் என்று லைனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பிள்ளைகளுக்கு மட்டும் அதன் பெயர் 'ரத்தம் கம்மி'. பேரீச்சம்பழம் தின்றால் ஊறிவிடும் என்றார்கள். ஏழு கதவுகளிலிருந்தும் பேரீச்சம்பழம் போயிற்று. நான் ஒருநாள் உண்மைப் பெயரைக் கேட்கப்போக, அம்மா என் வாயைப் பொத்தினாள். "அச்சானியமா பேசாதே. வாயில நல்ல வார்த்தை வந்தா நல்லதுதான் நடக்கும்." பிலோவின் அப்பாவும் அப்படியேதான், வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "தை பொறந்தா நீ இஸ்கூலுக்குப் போய்டுவ நைனா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை வாசலிலிருந்து தெருமுனைவரை ஏறாமல் தள்ளிக்கொண்டே போவார்.

நல்ல வார்த்தைகளால் இப்படிக் கட்டப்பட்ட வீட்டிலிருந்துதான், மழை விட்ட ஒரு காலையில், பிலோ அந்த நோட்டை நீட்டினாள்.

"எல்லாராண்டயும் எழுதி வாங்கினு வா சுமதி. எல்லாரும் எழுதினப்புறம் கட்சியா நீ எழுது."

"முழுப்பரீட்சைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கேடி" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எடுத்துகினு போ."

ஏன் இப்போதே என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்த டீச்சர், துடைத்திருந்த கரும்பலகையை மறுபடியும் துடைத்தார். பிறகு, "எல்லாரும் நல்ல வார்த்தையா எழுதிக் குடுங்க" என்றார். நான்கே நாளில் இருபத்தாறு பேர் எழுதி முடித்தார்கள். நான் எழுதவில்லை. நோட்டைப் புத்தகப் பையின் அடியில், வரைபடப் புத்தகத்துக்குள் செருகிப் பதினொரு நாள் வைத்திருந்தேன். கடைசிப் பிள்ளை பரீட்சைத் தாளைக் கொடுக்காதவரை மணியடிக்க மாட்டார்கள் என்று நம்புகிற வயது அது. என் பக்கம் வெறுமையாக இருக்கும்வரை பிலோ எங்கும் போக முடியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ராத்திரி முழுக்கப் பையின்மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

சுவருக்கு மேலே குரல் வரும். "சுமதீ, நோட்டு இன்னாச்சு?"

"உமா இன்னும் எழுதல."

மறுநாள் மறுபடி. "உமா இன்னும் எழுதலியா? இன்னாடி, அவ ஊடு லண்டன்லயா கீது?" என் வீட்டில் அப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை பிலோவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிறார்கள் என்று அவள் அம்மா குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சுவருக்கு மேலே குரல் வந்தது, இந்த முறை கேள்வியாக இல்லை. "பொய் சொன்னது போதும். எடுத்துகினு வா."

போனேன். இரும்புக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நோட்டை வாங்கிப் புரட்டினாள், என் பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தாள், முதல் பக்கத்துக்குப் போய் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"'விரைவில் குணமடைந்து வா. இப்படிக்கு உன் உயிர்த்தோழி உமா.' உயிர்த்தோழியாம்! மூணு வருசமா எங்கூடப் பேசறதில்ல அவ." அடுத்த தாள். "'கடலில் அலை உள்ளவரை உன்னை மறவேன்.' இவ கடல பாத்துகீறாளாடி? இஸ்கூல்ல மெரினாவுக்கு இட்டுனு போனப்ப பஸ்லயே தூங்கிட்டா." அடுத்தது. அடுத்தது. சிரித்துக்கொண்டேதான் படித்தாள், ஆனால் தாள்கள் புரளப் புரளச் சிரிப்பு மெலிந்தது. இருபத்தாறாவதை முடித்துவிட்டு நோட்டை மடியில் கவிழ்த்தாள்.

"பேர மட்டும் மாத்திட்டு யாருக்கு வேணா குடுக்கலாம் இத்த. இது பிலோமினாவுக்குன்னு தெரியற மாதிரி ஒருத்தி எழுதல. நீ இன்னா எழுதப்போற?"

"நல்லாத்தான் எழுதுவேன்."

"வாணாம். என் மேல இன்னா இன்னா கோவம் கீதோ, அத்த எழுது."

"எங்கம்மா திட்டும்."

"நோட்டு உங்கம்மாவுதா? எழுதுடி."

எழுதினேன். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பேனா தானாகவே ஓடியது, ஏனென்றால் கோபங்களுக்கு என்ன பஞ்சம், எட்டு வருஷம் ஒரு சுவரைப் பங்குபோட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாண்டி ஆடும்போது கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று மாதாமேல் சத்தியம் செய்வாய், என்று எழுதினேன். "ஒரே ஒரு வாட்டி!" என்றாள் பிலோ, தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து. "பதினெட்டு வாட்டி" என்றேன். என் கண்ணாடி வளையலை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டாய். "பூனதான்டி உடச்சது, சொன்னா நம்பு!" கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டில் பாதியை வழியிலேயே தின்றாய். "மூணு எட்டு தூரத்துல எப்டிடி பாதி துன்ன முடியும்?" "நீ துன்ன."

அவள் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். நான் நான்காவதை எழுதினேன். ரயில் பாதையைத் தாண்டும்போது வண்டி வந்ததும் என் கையை விட்டுவிட்டு நீ மட்டும் ஓடிவிட்டாய்.

பிலோ அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் கட்டியிருந்த துணி நழுவி ஒரு காதை மறைத்தது, சரிசெய்துகொள்ளவில்லை.

"ஏன் ஓடுனேன்னு நீ கேக்கவே இல்ல" என்றாள். "நானுந்தான்டி பயந்துட்டேன். அதான் ஓடுனேன்."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. வழக்கப்படி மூலையை மடித்தேன், உள்பக்கம் எழுதினேன், மேலே 'திறக்காதே' என்று எழுதினேன். குரங்கே என்றுதான் எழுதியிருப்பேன் என்று நினைத்து அவள் உடனே பிரித்தாள்.

'எனக்குப் பயமா இருக்கு' என்று எழுதியிருந்தேன்.

வெளியே யாரோ குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிலோ மூலையை மறுபடி மடித்தாள், மடிப்பின்மேல் நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

ஆடி மாசத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாதது. அதைச் சொன்னபிறகு எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாததால், கட்டிலடியிலிருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை அவள் இழுக்க, இரண்டு பேரும் தின்றோம், அழுதோம், கொட்டைகளை ஜன்னல் வழியாகத் துப்பினோம், யாருடையது தூரம் போகிறது என்று சண்டை போட்டோம். குடத்தோடு உள்ளே வந்த அவள் அம்மா, "இன்னாடி ரெண்டு பேரும் கண்ணு கலங்கிகினு கீறீங்க?" என்று கேட்டதற்கு, "கணக்குப் பரீட்ச பத்தி பேசினு இருந்தோம் அத்தை" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் நம்பியதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கும் வேறு வழியில்லை.

திங்கட்கிழமை காலை ஆட்டோ வந்தது. பிலோ நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். எங்கள் இருவருக்கும், பேச வேண்டியதைப் பேசியாயிற்று என்கிற ஒரு வினோதமான தெம்பு இருந்தது. ஆட்டோ திரும்பும்போது நாக்கைத் துருத்திக் காட்டினாள். நானும் காட்டினேன்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிய வாரத்தில் அவளைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். யூனிபார்மில் வரிசையாக நின்றோம். மூடும் முன்னால் அவள் அம்மா அந்த நோட்டை எடுத்து, ஜெபமாலை சுற்றிய கைகளுக்கு அடியில் வைத்தார். "அவ கேட்டு வாங்கினது" என்றார், யாரும் ஆட்சேபித்திருக்கவில்லை என்றாலும். என் அம்மா என் காதருகே குனிந்தாள். "நல்ல வார்த்தையா எழுதினியாடி?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது அங்கே லைன் வீடு இல்லை. அதே மண்ணில் நான்கு மாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது. சுவர்கள் கூரைவரை போகின்றன, யார் தும்மினாலும் யாரும் "நூறு" சொல்வதில்லை. எங்கள் எட்டாம் வகுப்புக்காரிகளை உமா தேடித்தேடிப் பிடித்து, போனில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நொடியில் இருபது கும்பிட்ட கைகள் வந்து விழும். போன மாசம் பேச்சு எப்படியோ பிலோவிடம் போக, ஒருத்தி எழுதினாள்: "மறக்கவே முடியாது. ரொம்ப சாந்தமான பொண்ணு." எல்லாரும் அதற்கு ஆமாம் போட்டார்கள். சாந்தமா! நான் பதிலை அடித்து அடித்து அழித்தேன். கடைசியில், "இல்லை, ராட்சசி. அழுகுணி ஆட்டக்காரி" என்று அனுப்பினேன். குழு ஒருநாள் முழுக்க மௌனமாயிருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போது எனக்கே சந்தேகம் வருகிறது. நான் அவ்வளவு நல்லவளாகவா இருந்தேன், அவ்வளவு சரியாகவா எழுதினேன், பதினொரு நாள் நோட்டை ஒளித்தது பாசத்தால்தானா, இல்லை அவளைத் தனியாக விட்டுவிட்ட கோழைத்தனமா? ஊர் மாறியதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. ஊர்கள் மாறத்தான் செய்யும். பதின்மூன்று வயதில் நான் யாராக இருந்தேன் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி இருந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, "பொய்யி, அப்டி இல்லடி" என்று சொல்லி இந்தப் பக்கத்தை அடித்துத் திருத்த அவளால் மட்டும்தான் முடியும். அவள் வராததால், நான் சொன்னபடியே இருக்கட்டும்.