ஆறரை அடிக் கோடு

மந்தைவெளியில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. விடிந்ததும் அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு, அதே மாவால் நடுத்தெருவில் ஷட்டில் கோர்ட்டும் போட்டுவிடுவாள். அங்கேதான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சட்டம் என்றால் அவருக்கு உயிர். சர்வீஸ் போடும்போது கால் கோட்டை மிதித்தால் ஃபால்ட், இடுப்புக்கு மேலே அடித்தால் ஃபால்ட். பெற்ற மகளென்று ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுக்கமாட்டார்.

ஒரு கோடை விடுமுறையில் வடபழனியில் மாமா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அப்பா இளைத்திருந்தார். வாயுத்தொல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார் என்றார்கள். சில மாதம் கழித்து மறுபடி பேட்டை எடுத்தார். “பாத்தியா, முன்ன மாதிரி மூச்சே வாங்கல!” என்று தினமும் பெருமை வேறு.

ஏழாம் வகுப்பில் பள்ளி அணிக்கு ஆள் எடுத்தார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு போனேன். ஆளுக்குப் பத்து சர்வீஸ். என் முதல் சர்வீஸ் வலையைத் தாண்டி அழகாக இறங்கியது. “ஷார்ட்!” என்றார் பி.டி. மாஸ்டர். முன்கோட்டைத் தாண்டவில்லையாம். இரண்டாவதும் ஷார்ட். மூன்றாவதும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாம்மா, கோடு அங்க கீது, நீ இங்கயே போட்டுக்கினு இருக்கியே!” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரடி தள்ளிப் போட்டேன். உள்ளே விழுந்தது. மிச்சமும் விழுந்தன. அப்பாடா! கடைசி ஆளாக என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை டேப்போடு தெருவில் இறங்கினேன். வலையிலிருந்து முன்கோடு ஆறரை அடி இருக்க வேண்டும். ஐந்தரைதான் இருந்தது. பின்கோடோ மூன்றடி உள்ளே.

“உன்னால என் மானமே போச்சும்மா!” என்று கத்தினேன்.

“கோலம் போடற கைடி, முன்னப்பின்னதான் வரும்,” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

அங்குலத்துக்குச் சண்டை பிடிக்கும் அப்பா டேப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா போட்டதுதான் கோடு. நீ சர்வீஸ் போடு.”

எங்கப்பா அம்மாவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று வகுப்பு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கோடையில் அவருக்கு வந்தது மாரடைப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓடாதே என்றால் கேட்காத மனுஷனுக்காக அம்மா கோர்ட்டையே சுருக்கிவிட்டாள் என்பதும் அப்போது புரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. இன்று காலையும் என்னைத் தோற்கடித்தார். மூச்சே வாங்கவில்லையாம்.