கடைசியாகக் கிளம்புகிறவர்

என் அப்பா லூயிஸ், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தார். ஓய்வுக்குப் பிறகு உலு திராமில் என் வீட்டில் இருப்பதாகப் பேச்சு. அறையை ஒழித்து, கட்டிலும் மெத்தையும் வாங்கிப் போட்டேன்.

அவர் வரவில்லை. காரணம் ஒரு சாவி.

செம்பனைக்கு நடுவே எங்கள் அந்தோணியார் கோயில் நிற்கிறது. கருங்கல் சுவர், தகரக் கூரை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்களே கல் சுமந்து கட்டியது. அதைப் பார்த்துக்கொள்ள வருடத்துக்கு ஒருவர். ஜூன் திருவிழாவில் கொடி இறங்கியதும் அவர் சாவியைப் பீடத்தில் வைப்பார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். சுற்றிலும் வீடுகள் இருந்த காலத்து வழக்கம். இப்போது மரங்கள்தான்.

"ஒரே வருஷம்தாம்மா" என்று அப்பா எடுத்தபோது நான் பாலிடெக்னிக்கில் இருந்தேன். பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் வைத்தார். யாரும் எடுக்கவில்லை. செவ்வாய்தோறும் திறந்து, கூட்டி, மெழுகுவத்தி ஏற்றி, தனியாக ஜெபம் சொல்லிப் பூட்டினார். பூட்டாவிட்டால் குரங்குகள் புகுந்துவிடும்.

"சாவிய போட்டுட்டு வாங்கப்பா" என்பேன்.

"எங்கேம்மா போடறது?" என்பார்.

ஏப்ரலில் இறந்துவிட்டார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இந்த ஜூனில் சாவியை நான் பீடத்தில் வைத்தேன். மூவாரிலிருந்து பிரியாணிச் சட்டியோடு வந்திருந்த ரொனால்ட் மாமாவிடம் கேட்டேன்.

"நீங்க எடுங்களேன் மாமா."

"அலமாக்! மூவார்லேருந்து வாராவாரம் வர முடியுமா? நீதான் பக்கத்துல இருக்க."

"நான் தினமும் வேலைக்கு சிங்கப்பூர் போய் வர்றேன்."

"நீ இஞ்சினியர்லா. கேட்டா லீவு குடுப்பான்."

"லூயிஸ் அண்ணன் மக எடுக்காம வேற யாரு எடுப்பா?" என்றார் பின்னாலிருந்த ஓர் அம்மா. பலர் தலையாட்டினார்கள்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

எல்லோரும் எழுந்து நாற்காலிகளை மடக்கினார்கள். மிச்சச் சாப்பாட்டைக் கட்டினார்கள். வெளியே பார்த்தேன். எல்லா வண்டிகளும் ரோட்டைப் பார்த்து நின்றன. என் வண்டி மட்டும், அப்பா எப்போதும் காட்டும் இடத்தில், சுவரைப் பார்த்து.

ஒரு வால்வு மூடாமல் அடுத்தது திறக்காதபடி குழாய்களை அமைப்பது என் வேலை. இதுவும் அப்படித்தான். பூட்டாமல் போக முடியாது. எடுக்காமல் பூட்ட முடியாது. கடைசியாகக் கிளம்புகிறவருக்கே சாவி.

நான் வண்டியைத் திருப்புவதற்குள் வாசல் காலி. கூரை மேல் இரண்டு குரங்குகள் வந்து உட்கார்ந்தன.

உள்ளே போய்ச் சாவியை எடுத்தேன். பூட்டினேன். போன் அடித்தது. ரொனால்ட் மாமா.

"எவ்லின், சட்டிய உள்ளயே மறந்துட்டேம்மா."

"திரும்பி வாங்க மாமா. இங்கயே நிக்கிறேன்."

"ஹைவே ஏறியாச்சு. பத்திரமா இருக்கட்டும், அடுத்த வருஷம் எடுத்துக்கறேன். சாவி உங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு மாமா" என்றேன்.