மெழுகுருளைக்காரன் தேவப்பிரியம்

யாருக்குத் தும்மல் வரப்போகிறது என்பது தும்முகிறவருக்கு முன்பே தேவப்பிரியத்துக்குத் தெரிந்துவிடும். மூக்கு விடைக்கும்போதே குரல் பிடிக்கும் பெட்டியின் ஊசியைத் தூக்கிவிட்டு, “வெளிய போய்த் தும்மிட்டு வா நைனா, மெழுகு அதையும் புட்ச்சிக்கும்” என்பான். கஞ்சி போட்ட சட்டையோடு வருகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் புனலின் முன் நிற்க வேண்டும்; துணி சரசரக்கும். வளையல் போட்ட பெண்கள் கையை அசைக்கக் கூடாது. “இந்த வூட்ல இருமறதுக்குக்கூட உத்தரவு வாங்கணும்” என்று அவன் மனைவி பூவம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ராயபுரம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவன் வீடு. முன்னறையில் அந்தப் பெட்டி. சாவி கொடுத்தால் சுற்றும். மேலே ஒரு மெழுகுருளை, முன்னால் ஒரு தகரப் புனல். புனலுக்குள் பேசினால் ஊசி மெழுகைக் கீறிக்கொண்டே போகும். ஊசியை மாற்றி வைத்தால் அதே குரல் திரும்பி வரும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறுகிறவர்கள் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவர்களுடைய வீட்டார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைக் கேட்டு அழுதுவிட்டுப் போவார்கள்.

தண்டையார்ப்பேட்டையில் கிராமபோன் தட்டு விற்கும் அத்தாவுல்லா அவனுக்கு நல்ல தோஸ்து. கிண்டல் செய்யாமல் வாசலைத் தாண்ட மாட்டார். “இன்னா தேவு, ஊரே தட்டுக்கு வந்துட்ச்சு, நீ இன்னும் உருளைய உருட்டிக்கினு கீற?”

“உன் தட்டு பேசும் பாய். கேக்குமா? எம் மெழுகு கேக்கும்” என்பான் தேவப்பிரியம்.

ஜெர்மன் சண்டை முடிந்தபிறகு துறைமுகத்துக்கு எந்தெந்த நாட்டுக் கப்பலோ வருகிறது. இந்த மாசியில் வந்த ஒரு சரக்குக் கப்பலின் அடுப்படியில் கரி தள்ளுகிறவர்கள் அத்தனை பேரும் தென்னமெரிக்காவில் கொலம்பியா என்கிற தேசத்துக் கறுப்பர்கள். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம். ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் மாதா கோயிலில் பூசைக்கு வந்தவர்கள், சாயங்காலம் காசிமேட்டு மணலில் வந்து நின்றார்கள். அங்கே மீனவர்கள் பெரிய வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கனத்தது. கறுப்பர்கள் கேட்காமலே கயிற்றில் கைவைத்தார்கள்.

மீனவர்கள் அம்பாப் பாட்டு பாடித்தான் வலை இழுப்பார்கள். ஒருவன் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் பதில் முடிகிற இடத்தில், மூச்சு வாங்குகிற இடைவெளியில், கறுப்பர்களின் பாட்டு வந்து பொருந்திக்கொண்டது. மனுவேல் என்கிற கிழவர் மட்டும் கயிற்றைத் தொடாமல் ஒரு நீள மத்தளத்தை முழங்கால்களுக்கிடையே வைத்து அடித்தார். தேவப்பிரியம் மணலில் நின்று கேட்டான். பெட்டி வீட்டில் இருந்தது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வருவதற்குள் வலை கரை ஏறிவிட்டது, பாட்டும் நின்றுவிட்டது.

அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெளிக்கடலில் நங்கூரம் போட்டது. புறப்படும் வரைக்கும் ஆட்கள் கரைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. புதன்கிழமை உச்சிக்குக் கிளம்புகிறது என்று தெரிந்ததும், கரையலை தாண்டும் மசூலாப் படகின் தலைவனான தண்டல் சின்னப்பையனிடம் போய் நின்றான். அன்றைக்கு வலையில் அடி எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

“பாட்டுக்காகக் கடல்ல போறியா? பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ” என்றான் சின்னப்பையன். ஆனாலும் துடுப்புக்காரர்களைக் கூப்பிட்டான்.

புதன்கிழமை காலையில் படகு கிளம்பியது. மெழுகுருளைகள் இருந்த தகரப் பெட்டியைப் பஞ்சில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு, குரல் பிடிக்கும் பெட்டியைக் காலிடுக்கில் இறுக்கியபடி உட்கார்ந்தான் தேவப்பிரியம். கரையலையைத் தாண்டும்போது இரண்டாவது அலை படகைத் தூக்கிப் போட்டது. அவன் விழவில்லை, மடியிலிருந்த தகரப் பெட்டி போய்ப் பலகையில் மோதியது. அலைகளைக் கடந்ததும் உருளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் சுண்டிப் பார்த்தான். விரிசல் விட்டது பொத்தென்று சொல்லும். எல்லாம் பொத்தென்றன. ஒன்றே ஒன்று மட்டும் கிண்ணென்றது.

“ஒண்ணு போதும்” என்றான். அதைத் திரும்பப் பஞ்சில் சுற்றினான்.

“திரும்பிடலாமா?” என்று கேட்டான் சின்னப்பையன்.

“ஒண்ணு கீதுன்னேன்ல. துடுப்ப வலி.”

கப்பலில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. பெரிய என்ஜினீயர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். நீராவி ஏறும் வரைக்கும்தான், அப்புறம் இறங்கிவிட வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார். மனுவேல் தேவப்பிரியத்தை அடையாளம் கண்டு நெற்றியில் சிலுவை போட்டு வணங்கினார். மத்தளத்தைச் சுற்றிக் கயிற்றில் செருகியிருந்த மர ஆப்புகளைச் சுத்தியலால் தட்டித் தட்டித் தோலை இறுக்கினார்.

தேவப்பிரியம் புனலைத் தளத்தின் நடுவில் வைத்தான். இந்தப் பக்கம் துடுப்புக்காரர்களையும் அந்தப் பக்கம் கறுப்பர்களையும் கல்யாணப் பந்தியில் உட்காரவைப்பதுபோல வரிசையாக உட்காரவைத்தான். ஊசியை இறக்காமல் ஒரு தடவை பாடிப் பார்க்கச் சொன்னான்.

சின்னப்பையன் தொண்டையைக் கனைத்தான். “அலையம்மா வழிவிடு...” என்று ஆரம்பித்தான். குரல் பாதியில் உடைந்தது. மறுபடியும் ஆரம்பித்தான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“இன்னாடா ஆச்சு உங்களுக்கு? அன்னிக்கு இடி மாதிரி பாடினீங்களே!”

“வரலை நைனா. ஒக்காந்துகினு எவன் அம்பா பாடுவான்? கையில பாரம் இல்லாம தொண்டை தொறக்க மாட்டேங்குது.”

என்ஜின் அறையிலிருந்து நீராவி சீறும் சத்தம் கேட்டது. மேற்கே கரை தூரத்தில் வெளுத்துத் தெரிந்தது. கடல்காற்று எழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கரையலை பெரிதாகிவிடும், படகு திரும்ப முடியாது. தேவப்பிரியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மணலில் நின்று பாட்டை மட்டும் கேட்டிருந்தான். கயிற்றைப் பார்க்காமல் விட்டிருந்தான்.

சின்னப்பையனின் கைகள் மடியில் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்த தேவப்பிரியம் சட்டென்று எழுந்தான்.

கப்பலின் ஓரத்தில் இரண்டு பேர் அடுப்படியிலிருந்து சாம்பலை இரும்பு வாளிகளில் மேலே இழுத்துக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நீளமான கயிறு, மேலே கப்பி. கிளம்புகிற அவசரம்; சாம்பல் சரியாக அணைக்கப்படாமல் உள்ளே சிவந்து கிடந்தது.

“அந்தக் கயித்தைப் புடி!” என்று கத்தினான். “எல்லாரும் புடிங்க! பெரிய வாளியா மாட்டச் சொல்லு!”

“சாம்பல் கொட்ற எடத்துலயா பெட்டிய வெப்ப? மெழுகு கலீஜ் ஆயிடாது?” என்றான் சின்னப்பையன்.

“அது எம் பாடு. நீ இழு.”

தேவப்பிரியம் பெட்டியைத் தூக்கிக் கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தான். துடுப்புக்காரனும் கறுப்பனுமாக மாறிமாறி நின்று கயிற்றைப் பிடித்தார்கள். காற்று கடலிலிருந்து நேராகப் பெட்டியின்மேல் அடித்தது. புனலை வேறு பக்கம் திருப்பினால் பாட்டு விழாது. தேவப்பிரியம் சட்டையைக் கழற்றி எறிந்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி, பெட்டியின்மேல் கூரைபோலக் கவிழ்ந்து நின்றுகொண்டு ஊசியை இறக்கினான்.

வாளி ஏறியது. பாரம் கையில் இறங்கியதும் சின்னப்பையனின் தொண்டை தானாகத் திறந்தது. துடுப்புக்காரர்கள் பதில் சொன்னார்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் கறுப்பர்களின் குரல் எழுந்தது. அடியில் மனுவேலின் மத்தளம் நடந்தது. மெழுகிலிருந்து மெல்லிய இழை சுருண்டு சுருண்டு விழுந்தது. முதல் வாளி விளிம்பில் கவிழ்ந்தபோது சாம்பல் காற்றில் திரும்பி வந்து அவன் முதுகெல்லாம் படிந்தது. இரண்டாவது வாளியில் அணையாத கரித்துண்டு ஒன்று தெறித்து அவன் தோளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. தோல் பொசுங்கியது. பல்லைக் கடித்தான், வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சின்னப்பையன் அதைப் பார்த்துவிட்டான். அவன் பிடி தளர்ந்தது; பாட்டு அரை அடி இறங்கியது.

தேவப்பிரியம் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டினான். அந்தக் கை முதுகுப் பக்கம் போகவில்லை. காற்றில் இல்லாத கயிறு ஒன்றைப் பற்றிக்கொண்டு, இழு, இழு என்று நெஞ்சை நோக்கி இழுத்துக் காட்டியது.