வெயிலில் ஓடி மழையில் நின்ற துடைப்பான்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அஞ்சுகிராமம் வரை

சென்ற ஐப்பசியில், என் அண்ணன் செல்வராஜின் மகள் ஜெபாவின் திருமணத்துக்கு முந்தைய நாள், நாகர்கோவில் வடசேரியிலிருந்து அஞ்சுகிராமம் வரை நான் மேற்கொண்ட சோதனை ஓட்டத்தைப் பற்றிய குறிப்பு இது. தொலைவு ஏறத்தாழ பதினேழு கிலோமீட்டர். சுசீந்திரம், மயிலாடி வழியாகச் சென்றால் முக்கால் மணி நேரம் போதும். எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

காரணம் மணப்பெண்தான். மாப்பிள்ளையின் ஊர் அஞ்சுகிராமத்தை அடுத்தது. திருமண ஆராதனையும் அங்குள்ள தேவாலயத்தில். அத்தையான என் சிவப்புக் காரில் மட்டுமே போய் இறங்குவேன் என்று ஜெபா அறிவித்துவிட்டாள். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின்னால் பெயருக்கொரு இருக்கை; அவளைவிட வயதில் மூத்த கார். அதன் முன்கண்ணாடித் துடைப்பான்களோ சில நாளாக நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அண்ணன் நிபந்தனை விதித்தார்.

“ஏட்டி, மழையில வைப்பர் ஓடணும். ஓடலேண்ணா டிராவல்ஸ்ல வெள்ளக் காருதான். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள அவன்ட்ட சொல்லணுமாக்கும்.”

இக்காரின் இயந்திரவியலை நான் எவரிடமும் பயின்றவளல்லேன். கழற்றிக் கழற்றிக் கற்றேன். திரும்பப் பூட்டியும் இருக்கிறேன், அதுவே கடினமான பகுதி. ஆகையால் அன்று காலையே முறைப்படி ஆராய்ந்தேன். துடைப்பானின் ரப்பர் புதியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களைத் துடைப்பான் மோட்டாருக்கு நேராகக் கொடுத்தேன், சிறப்பாகச் சுழன்றது. பிறகு அவற்றை எடுத்துவிட்டு உள்ளிருக்கும் சுவிட்சைப் போட்டேன். அப்போதும் ஓடியது. முற்றத்து வெயிலில், நான் ஊற்றிய ஒரு குடம் நீரை இரு துடைப்பான்களும் ஒழுங்காக வழித்தெறிந்தன. குறை ஏதும் இல்லை என்று தீர்ப்பளித்தேன்.

பிற்பகல் இரண்டரை மணிக்குப் புறப்பட்டோம். அண்ணன் என் பக்கத்தில், மடியில் குடையுடன், நீதிபதியைப்போல் அமர்ந்திருந்தார். சுசீந்திரம் தாண்டியதும் வானம் இருண்டது. வயல்வெளியைக் கடந்து மழை எங்களை நோக்கி வந்தது. முகப்பு விளக்கைப் போட்டேன், துடைப்பானைப் போட்டேன். அது பாதிக் கண்ணாடி வரை ஏறி, அங்கேயே நின்றது.

“மழ இல்லாதப்பம் மட்டும் ஓடுக வைப்பராக்கும் இது?” என்றார் அண்ணன்.

சாலையோரம் நிறுத்தினேன். என் குழப்பத்தை உள்ளபடியே எழுதுகிறேன். மோட்டார் நல்லது. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். மின்சாரமும் மோட்டார் வரை வருகிறது. நல்ல மோட்டாருக்கு நல்ல மின்சாரம் வந்தும் அது சுழலவில்லையென்றால், நான் இத்தனை ஆண்டுகள் கற்றதற்கு என்ன பொருள்? மோட்டாருக்குள் மழைநீர் இறங்குகிறது என்று முடிவு செய்தேன். அண்ணன் குடை பிடிக்க, கல்யாணப் புடவை வாங்கிய கடையின் பிளாஸ்டிக் பையால் மோட்டாரைச் சுற்றிக் கட்டினேன். அதற்குள் மழை தணிந்து வெளிச்சம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ஓடியது!

“பாத்தியளா அண்ணே? தண்ணி எறங்குனதுதான் காரியம்.”

“நீ கெட்டிக்காரியாக்கும்” என்றார். அவர் மனப்பூர்வமாகச் சொன்னது அன்று அந்த ஒரு முறைதான்.

மயிலாடியை நெருங்கும்போது மீண்டும் மழை, மீண்டும் விளக்கு, துடைப்பான் மீண்டும் நின்றது. பையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. இப்போது என் குழப்பம் இரட்டிப்பாயிற்று. உலர்ந்த மோட்டார் மழையை எவ்வாறு அறிந்துகொள்கிறது?

டிராவல்ஸுக்குச் சொல்ல அண்ணன் கைப்பேசியை எடுத்தார். “ஏட்டி, எனக்கும் ஆசதான். ஆனா வண்டி நடுவழியில நின்னு பிள்ள நனைஞ்சு எறங்கினா ஊரு சிரிக்கும். போதகர் நமக்காண்டி நேரம் தள்ளி வைப்பாரா?”

ஜெபாவே அந்நேரம் அழைத்தாள். “அத்தே, ஓடுகா?”

“ஓடுகு மக்கா, நிக்கவும் செய்யுகு” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“செரி அத்தே. வெள்ளக் காருண்ணா வெள்ளக் காரு” என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டாள். அந்தச் ‘செரி’யை என்னால் பொறுக்க முடியவில்லை.

மழை விட்டிருந்தது. விளக்கை அணைத்து, துடைப்பானை மட்டும் ஓடவிட்டு, ஒரு தேநீர்க் கடையின் முன் ஒதுங்குவதற்காக இண்டிகேட்டரைப் போட்டேன். அதன் விளக்கு மின்னும்போதெல்லாம் துடைப்பான் தடுமாறியது, அணையும்போதெல்லாம் நகர்ந்தது.

“ஏட்டி, இஞ்ச பாரு! உன் வைப்பரு இண்டிகேட்டருக்குத் தாளம் போடுகு!” அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைக்காரரும் எட்டிப் பார்த்து, “கல்யாண வண்டியா? டான்ஸும் உண்டோ?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையைத் துடைப்பான் அறியவில்லை. நான் மழையில் போடும் விளக்கையே அது அறிகிறது. வீட்டு முற்றத்தில் விளக்கைப் போட்டு நான் சோதிக்கவேயில்லை. இரண்டையும் பிணைப்பது எது? முன்மூடியைத் திறந்து ஒயர்களை விரலால் தொடர்ந்து சென்றேன். முன்விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றின் கறுப்பு ஒயர்களும் மோட்டாரின் கறுப்பு ஒயரும் ஒரே போல்ட்டில் சேர்ந்து காரின் உடம்பில் முறுக்கப்பட்டிருந்தன. மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அது, எர்த்து என்பார்கள்.

அந்தப் போல்ட்டின் அடியில் புத்தம்புதிய சிவப்புப் பெயின்ட். கடற்காற்று இரும்பைத் தின்னும் மாவட்டம் எங்களுடையது. வாசல் கேட், ஜன்னல் கம்பி, தையல் இயந்திரத்தின் கால் என்று கண்ட இரும்புக்கெல்லாம் பெயின்ட் பூசுவோம். கல்யாணம் என்றால் இரண்டு பூச்சு. முன்மூடியின் உட்புறத்தையும் விடாமல், போல்ட்டுகளைக் கழற்றி நானே பூசியிருந்தேன். பெயின்டின் வழியே மின்சாரம் செல்லாது. போல்ட்டின் திருகுமரைகளின் வழியே கசிந்த சிறிதளவு மின்சாரம், துடைப்பானுக்கு மட்டும் போதுமாயிருந்தது. விளக்கும் பங்கு கேட்டபோது போதவில்லை. காலையில் பேட்டரியிலிருந்து நான் கொடுத்த இரண்டாம் ஒயர் எர்த்தின் வேலையைச் செய்ததால் குறை மறைந்து நின்றது.

“பெயின்டச் சுரண்டாதட்டி, கல்யாணமாக்கும்!” என்று அண்ணன் பதறினார்.

“உள்ளுக்குள்ளதான், மாப்பிள்ள வீட்டுக்காரங்க யாரும் மூடியத் தொறந்து பாக்க மாட்டாங்க.”

பக்கத்து ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து, ஒயர் முனைகளையும் தேய்த்து, இறுக முறுக்கினேன். விளக்கு, இண்டிகேட்டர், துடைப்பான் மூன்றையும் ஒருசேரப் போட்டேன். துடைப்பான் சளைக்கவில்லை. ஆயினும் அண்ணன் கைப்பேசியை உள்ளே வைக்கவில்லை. முன்பு ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா? அஞ்சுகிராமத்துக்குச் சற்று முன்பு அடைமழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட்டேன். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. அண்ணன் டிராவல்ஸ்காரரின் எண்ணைத் தட்டி, “தம்பி, வண்டி வேண்டாம் கேட்டியா, எங்க வீட்லயே உண்டு” என்றார்.

இவ்வழியே பழைய கார் கொண்டுசெல்வோருக்குச் சில சொற்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலைத் தவிருங்கள். துடைப்பானைச் சோதிக்கும்போது விளக்கையும் போட்டே சோதியுங்கள். மோட்டாரை மாற்றும் முன் எர்த்து போல்ட்டைப் பாருங்கள். என் செலவு ஒரு தாள் உப்புத்தாள். தேய்த்த இடத்தில் பெயின்ட் வேண்டாம், முறுக்கிய பின் சிறிது கிரீஸ் போதும்.

மறுநாளும் மழைதான். பின்னிருக்கையில் முழங்காலைத் தாடையில் முட்டவைத்து அண்ணன் அமர, ஜெபா முன்னால் அமர்ந்து வந்தாள். குடையின் கீழ் ஒரு துளியும் படாமல் தேவாலய வாசலில் இறங்கினாள். ஆனால் நான் சுவிட்சை அணைத்தபோது, ஓட்டுநர் பக்கத்துத் துடைப்பான் கீழே படியாமல் கண்ணாடியின் நடுவே நிமிர்ந்து நின்றுவிட்டது. எல்லாக் கல்யாணப் படங்களிலும் அப்படியே நிற்கிறது.

“இது என்னட்டி, போதகர் ஆசீர்வாதம் சொல்லுகது மாதிரி கையத் தூக்கிட்டு நிக்கு?” என்றார் அண்ணன்.

அதற்குப் பின் மும்முறை கழற்றிப் பூட்டிவிட்டேன். ஏன் நிற்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.