கறி அடிப்பிடித்த சட்டி

ஓர் அடுப்பை நான் புதைத்தேன். தெரிந்தே, அதன் மேல் கொங்கிரீட் போடச் சொன்னேன்.

நான் சரித்திர ஆசிரியை. அது என்னவென்று தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல முடியாது!

யுத்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமின் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள் நான். யுத்தம் முடிந்த பிறகுதான் அங்கேயே எத்தாளை என்ற கடலோரக் கிராமத்தில் சொந்தக் காணி வாய்த்தது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மண்வெட்டி கல்லில் பட்டது. கல்லே இல்லாத மணல் ஊரில்... மூன்று கற்கள்! நடுவே சாம்பல். பக்கத்தில் மீன் முட்கள், வலையில் கட்டும் மண் குண்டுகள், உடைந்த சட்டி ஒன்று.

சட்டியின் உள்ளே, அடியில், கருகல் ஒட்டியிருந்தது. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் எவளோ ஒருத்தி கறியை அடிப்பிடிக்க விட்டிருக்கிறாள். பிள்ளை அழுததா? வள்ளம் கரைக்கு வந்ததா? எனக்குச் சிரிப்பு வந்தது. அரசர்களைப் பற்றி இவ்வளவு காலம் படிப்பித்தும், பழைய மனிதர் ஒருவரை இத்தனை அருகில் நான் கண்டதில்லை.

என் கணவர் றியாஸ் சிரிக்கவில்லை.

"ஆருக்கும் சொல்லிராத. தொல்பொருள் ஆக்கள் அறிஞ்சாங்களெண்டா காணிய எடுத்துருவாங்க. பொறகு நாம எங்க போற?"

"ஓம். மூடுங்க" என்றேன்.

தடுமாறிச் சொல்லவில்லை, தீர்மானித்துச் சொன்னேன். இன்னொரு முறை இடம்பெயர நான் ஆயத்தமில்லை. இன்று அதே குழியின் முன் நிறுத்தினாலும் அதையே செய்வேன்!

வீடு எழும்பிய பிறகு தொல்பொருள் ஆய்வாளர்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் எங்கள் வாசலில் நின்று கேட்டாள்.

"ராத்தா, அத்திவாரம் வெட்டக்க பழைய சாமான் ஏதும் கிடைச்சதா?"

"இல்ல மகள். வெறும் மணல்தான்."

பக்கத்துக் காணியில் குழி வெட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பண்டைக்காலத்தில் இங்கே மனிதர் வாழ்ந்ததற்குத் தடயம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த முடிவு என் வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"டீச்சர், முந்தி எங்கட ஊர்ல ஆருமே இருக்கல்லயா?"

இதே பேச்சை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். மன்னாரில் எங்கள் பழைய வீட்டு வளவைப் பார்க்கப் போனபோது, காடு மூடிக் கிடந்த அந்த இடத்தைக் காட்டி, "இங்க ஒருத்தரும் இருந்த மாதிரித் தெரியேல்லையே" என்றார் ஓர் அதிகாரி. நான் பிறந்த வீடு அது! தொண்டை கிழியக் கத்தினேன், "நாங்க இருந்தம்!" என்று.

வகுப்பில் நான் கத்தவில்லை.

"ஆரும் இருக்கல்ல மகள்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்... நம்பிவிட்டாள்.