இரண்டு கைத்தட்டல்

"எட்டு வருசமாச்சு ராஜம்மா, இன்னும் எத்தன நாளுக்கு..."

"செத்தத பார்த்தீங்களா அண்ணி?"

"என் தம்பிக்கு நான் கருமாதி செய்யக் கூடாதா?"

"பார்த்த ஆள கூட்டிட்டு வாங்க. அப்புறம் செய்ங்க."

சண்டை போட்டுக்கொண்டேதான் இருவரும் போனார்கள். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். 1951இல், மலாயாவில் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நடந்தது இது.

ராஜம்மாவின் புருசன் சிவசாமி. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கப்பட்டவன். கடலோர மேட்டில் இருந்த ஜப்பான் கோயிலில் எல்லாரையும் குனியவைத்தார்கள். அதிகாரி இரண்டு முறை கைத்தட்டும்வரை நிமிரக் கூடாது. அப்புறம் லாரி. சிவசாமி திரும்பவே இல்லை.

பிணம் இல்லாத கருமாதிக்குக் கடைசியாக நின்ற இடத்து மண் வேண்டும். சிவசாமியின் அக்கா அன்னம்மா கையில் தேங்காய்ச் சிரட்டை.

மாலை 5.20. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ஆறு மணிக்கு எஸ்டேட் முள்வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வெளியே நின்றால் சுடுவார்கள்.

கோயிலில் சிவப்பு மரவாசல் மட்டும் நின்றது. உள்ளே லாலாங் புல். அன்னம்மா குனிந்து மண்ணைச் சுரண்டினாள்.

சரக்... சரக்...

"உடும்பா இருக்கும். விரட்டு லா."

ராஜம்மா இரண்டு முறை கைத்தட்டினாள்.

சரசரப்பு நின்றது. அலைச் சத்தமும் நின்றது.

மளுக்...

வெகுநேரம் குனிந்திருந்த இடுப்பு நிமிரும் சத்தம்.

"அண்ணி... உங்க இடுப்பா?"

"நான் இன்னும் குனிஞ்சுதான் இருக்கேன்."

ஓடினார்கள். பின்னால் இன்னொரு காலடி.

திரும்பிப் பார்க்கவில்லை.

5.52. வேலிக் கதவு. காவலுக்கு நின்ற மருதமுத்து நோட்டைப் பார்த்தார்.

"போனது ரெண்டு. வந்தது மூணு. அந்தாளு அடையாளக் கார்டு எங்க?"

"எந்த ஆளு?"

"உங்க பின்னாடியே நுழைஞ்சு லைன் வீட்டுப் பக்கம் போனாரே."

"மூஞ்சியப் பார்த்தீங்களாண்ணே?"

"மூஞ்சி..."

அவர் கை தன் கழுத்தைத் தடவியது.

மூன்றாம் வாரம், போர் முடிந்தும் சயாமிலேயே தங்கிவிட்ட தங்கையா திரும்பினார். அன்று சிவசாமிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றவர்.

"அவன் லாரியிலயே ஏறலம்மா. ரோட்டுலருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கைத்தட்டுறதுக்கு முந்தியே நிமிர்ந்துட்டான். ஒரே வீச்சு... தல தனியா, உடம்பு தனியா. அங்கயே புதைச்சாங்க."

அவர் போனபிறகு அன்னம்மா சிரட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக் கதவுக்குப் பின்னால்...

மளுக்.

ராஜம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னைக்குக் கூப்பிட்டது நான்தான் அண்ணி."